சிறிய ஓய்வூதியத்தில் குமரி மாவட்டத்தில் வீடு பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதம் ஏழாயிரமோ பத்தாயிரமோ, அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வராது என்று தெரிந்த வருமானத்தோடு வீடு தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். முந்திரி ஆலையிலும் ரப்பர் தோட்டத்திலும் உழைத்து ஓய்ந்தவர்கள், கணவரின் குடும்ப ஓய்வூதியத்தில் வாழும் பெண்கள், முதியோர் உதவித்தொகையோடு மகள் அனுப்பும் சிறு தொகையையும் சேர்த்துக் காலம் தள்ளுகிறவர்கள் என்று பலரோடு நாகர்கோவிலிலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கங்களிலும் வீடு பார்க்கப் போயிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவைதான் இந்தக் கேள்விகள்.

வருமானத்தில் எவ்வளவு வரை வாடகைக்குக் கொடுக்கலாம்?

மூன்றில் ஒரு பங்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆண்டுக்கு ஆண்டு சம்பளம் கூடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு சரி. உங்களுக்கு நான்கில் ஒரு பங்குதான் பாதுகாப்பான எல்லை என்பது என் கருத்து. பி.எஃப். ஓய்வூதியத்தில் அகவிலைப்படி கிடையாது. அதன் குறைந்தபட்சத் தொகை 2014இல் 1,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023இல்தான் 1,200 ரூபாயாக உயர்ந்தது. வாடகை அப்படிக் காத்திருக்காது, பதினோரு மாதம் முடிந்ததும் ஏறிவிடும்.

வாடகையை மட்டும் தனியாக எடுத்துப் பார்ப்பதும் ஏமாற்றும். ஓர் உதாரணம் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு வீடு 3,500 ரூபாய், இரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி இன்னொன்று 2,500 ரூபாய் என்று வையுங்கள். உள்ளே இருக்கும் வீட்டிலிருந்து மருத்துவமனைக்கும் ரேஷன் கடைக்கும் வங்கிக்கும் மாதத்தில் ஐந்தாறு முறை ஆட்டோ பிடித்தால், மிச்சம் பிடித்த ஆயிரமும் ஆட்டோவுக்கே போய்விடும். வாடகை, மின்கட்டணம், தண்ணீர், போக்குவரத்து நான்கையும் கூட்டி எழுதிப் பார்த்த பிறகு எது மலிவு என்று முடிவு செய்யுங்கள்.

மாவட்டத்தில் எந்தப் பக்கம் பார்க்கலாம்?

நம் மாவட்டம் சிறியது என்றாலும் கிழக்கும் மேற்கும் குடியிருப்பு முறையில் வேறு வேறு. தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களில் வயலை ஒட்டிய ஊர்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. பூதப்பாண்டி, இறச்சகுளம், தேரூர், சுசீந்திரம் போன்ற இடங்களில் வீடுகள் சுவரோடு சுவர் நெருங்கி நிற்கும். தரை பெரும்பாலும் சமம், கடை பக்கத்தில். இரவில் கீழே விழுந்துவிட்டால் கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டில் கதவு திறக்கும். தனியாக வாழும் வயதானவர்களுக்கு இதைவிடப் பெரிய வசதி கிடையாது.

கல்குளம், விளவங்கோடு, கிள்ளியூர், திருவட்டாறு வட்டங்களில் ஒவ்வொரு வீடும் அதனதன் விளைக்குள், அதாவது தோட்ட நிலத்துக்குள், தனித்தனியாக இருக்கும். தென்னையும் ரப்பரும் வாழையும் சூழ்ந்து அழகாகத்தான் இருக்கும், காற்றும் குளிர்ச்சியும் உண்டு. ஆனால் ஏற்றமும் இறக்கமும் அதிகம். மழைக்காலத்தில் பாசி பிடித்த சரிவுப் பாதையில் எழுபது வயதுக்காரர் ஏறி இறங்குவதை நினைத்துப் பாருங்கள். அருமனை, குலசேகரம் பக்கம் வீடு பார்ப்பதானால் சாலை மட்டத்திலேயே இருக்கும் வீட்டை மட்டும் பாருங்கள் என்றுதான் முட்டுவலி உள்ள எல்லோரிடமும் சொல்கிறேன்.

நாகர்கோவிலுக்குள் கோணம், ஆசாரிபள்ளம் பகுதிகளில் கல்லூரி மாணவர்களும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வேலை செய்பவர்களும் வீடு தேடுகிறார்கள். மூன்று நான்கு பேர் சேர்ந்து பங்கு போட்டுத் தரும் வாடகையோடு ஓர் ஓய்வூதியர் போட்டி போட முடியாது. கோட்டாறு, வடிவீஸ்வரம், இடலாக்குடி போன்ற பழைய பகுதிகளில் இன்னும் சிறிய ஓட்டு வீடுகள் இருக்கின்றன. ஆட்டோ நுழையாத முடுக்குகளும் அங்கே உண்டு, அதை மட்டும் கவனியுங்கள்.

கன்னியாகுமரி நகரில் வீட்டு உரிமையாளர் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட நினைப்பவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். ஐயப்ப பக்தர்கள் வரும் கார்த்திகை, மார்கழியில் அவருக்கு அதில்தான் வருமானம் கூடும்.

சிகிச்சைக்குத் திருவனந்தபுரம் போய்வருகிறவர்கள் மேற்கே பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குழித்துறை, இரணியல் ரயில் நிலையங்களை ஒட்டியோ, களியக்காவிளை பஸ் வழியிலோ வீடு அமைந்தால் மாதச் செலவு கண்ணுக்குத் தெரியும்படி குறையும்.

பெண்களுக்கு ஒரு கூடுதல் வாய்ப்பு இருக்கிறது. 2021 மே மாதத்திலிருந்து அரசு சாதாரண நகரப் பேருந்துகளில் அவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஆகவே நகரத்தை விட்டுக் கொஞ்சம் விலகி வீடு எடுத்தாலும் பயணச் செலவு கூடாது. தனியார் மினி பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது என்பதால், அந்த ஊருக்கு அரசு பஸ் நாளுக்கு எத்தனை முறை வருகிறது, மாலையில் கடைசி பஸ் எப்போது என்று நிறுத்தத்தில் நிற்பவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணி ஓய்வில் கிடைத்த பணம் கையில் இருக்கிறது. வாடகைக்குப் போகாமல் ஒற்றிக்கு எடுத்தால் என்ன?

எல்லாக் கேள்விகளிலும் நான் மிகவும் கவலைப்படும் கேள்வி இது. ஒற்றி என்றால் ஒரு பெரிய தொகையை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு, வாடகை இல்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. மாதந்தோறும் கை நீட்டிக் கொடுக்க வேண்டியது இல்லை என்பதால் ஓய்வூதியர்களுக்கு அது மிகவும் பிடித்துவிடுகிறது. சரியாகச் செய்தால் லாபம்தான். தவறாகச் செய்தால் வாழ்நாள் சேமிப்பு மொத்தமும் சிக்கிக்கொள்ளும்.

முதலில் லாபக் கணக்கைப் பார்ப்போம். மூன்று லட்சம் ரூபாய் ஒற்றி என்று வையுங்கள். அதே பணத்தை அறுபது வயது கடந்தவர் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால், 8.2 சதவீத வட்டியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 6,150 ரூபாய் வரும். அதாவது மாதத்துக்கு 2,050 ரூபாய். அந்த வீட்டின் மாத வாடகை 2,000 ரூபாய் என்றால் ஒற்றியில் உங்களுக்கு எந்த லாபமும் இல்லை, ஆபத்து மட்டும்தான் மிச்சம். வாடகை 4,000 என்றால் மாதம் 1,950 ரூபாய் மிஞ்சுகிறது. அப்போது யோசிக்கலாம்.

இனி ஆபத்து. ஒற்றிப் பணத்தை யாரும் பெட்டியில் வைத்திருப்பதில்லை. மகள் கல்யாணத்துக்கோ, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பவோ, பழைய கடனை அடைக்கவோ செலவாகிவிடும். நீங்கள் காலி செய்யும்போது அடுத்த ஒற்றிக்காரர் வந்தால்தான் உங்கள் பணம் வரும். நடுவில் உங்களுக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் அவசரத்துக்கு அந்தப் பணம் உதவாது. அதைவிட மோசமானது, வீடு ஏற்கனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது. கடன் கட்டாமல் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும்போது, வெறும் முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கி வைத்திருப்பவரின் பேச்சு எடுபடாது.

ஆகவே பணம் கொடுக்கும் முன் பதிவுத் துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் பாருங்கள். பார்வையிடக் கட்டணம் இல்லை, இ-சேவை மையத்திலோ படித்த பிள்ளைகளைக் கொண்டோ பார்த்துவிடலாம். பிறகு மூல ஆதாரத்தை, அதாவது வீட்டின் அசல் பத்திரத்தை, கண்ணால் பாருங்கள், நகலைக் காட்டினால் போதாது. மூலம் வீட்டில் இல்லை என்றால் அது எங்கோ அடகில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. குடும்பச் சொத்து என்றால் எல்லாப் பங்காளிகளும் கையெழுத்திட வேண்டும். சவூதியிலோ துபாயிலோ இருக்கும் தம்பி "எனக்குத் தெரியாது" என்று பிறகு வந்து நிற்பது நம் மாவட்டத்தில் புதிய கதை இல்லை. பணத்தை வங்கி வழியாக மட்டும் கொடுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் பணம் யாருக்குத் திரும்பப் போக வேண்டும் என்பதையும் பெயர் சொல்லி எழுதுங்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்வது இதில் தலையாயது. சொத்தின் அனுபவத்தை ஒப்படைக்கும் அடமானம், நூறு ரூபாய்க்கு மேல் போனாலே பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டம். "செலவு அதிகம், நமக்குள் எதற்கு" என்று உரிமையாளர் சொன்னால், அந்தச் செலவில் பாதியை நீங்கள் ஏற்பதாகச் சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால் அந்த வீடு வேண்டாம்.

கையில் இருக்கும் மொத்தத் தொகையில் பாதிக்கு மேல் ஒற்றியில் போடாதீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். மாதம் ஐந்நூறு ரூபாய் வாடகையைக் குறைப்பதைவிட, ஒரே ஒரு முறை கிடைக்கும் அந்தப் பணத்தைக் காப்பது பெரிது.

முன்பணம் எவ்வளவு? எழுத்தில் ஒப்பந்தம் கட்டாயமா?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வீடு வாடகைக்கு விட்டால் எழுத்துமூல ஒப்பந்தம் கட்டாயம். அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதற்கென்று அரசின் இணையதளம் இருக்கிறது. வேறு விதமாக ஒப்புக்கொள்ளாதவரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்தபின், நியாயமான கழிவு போக மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகையை உயர்த்துவதற்கு முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பு கொடுக்க வேண்டும். வாடகைக்கு ரசீது கேட்பது உங்கள் உரிமை.

நடைமுறையில் பலர் பதிவு செய்வதில்லை. குறைந்தது இரண்டு பக்கத்தில் எழுதிக் கையெழுத்தாவது வாங்குங்கள். முன்பணம் எவ்வளவு, வாடகை எந்தத் தேதியில், ஆண்டுக்கு எவ்வளவு ஏறும், வெள்ளை அடிக்கும் செலவு யாருடையது, காலி செய்ய எத்தனை மாத அவகாசம் என்பவை அதில் இருந்தால் பெரும்பாலான சண்டைகள் வராது. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டவர்கள் அடுத்த மூன்று ஆண்டுச் செலவை இன்றே போட்டுப் பார்க்க முடியும். ஓய்வூதியம் வரும் தேதிக்கு ஏற்ப வாடகைத் தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். அதற்கு மறுப்பவர்கள் குறைவு.

வீடு பார்க்கப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இங்கே தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் பெய்கின்றன. ஜூனில் தொடங்கினால் டிசம்பர் வரை கூரைக்குச் சோதனைதான். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள்.

முந்திரி ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாவோடு பழையாற்றை ஒட்டிய பகுதியில் ஒரு வீடு பார்க்கப் போனேன். வாடகை குறைவு, வெளிச்சமும் இருந்தது, எனக்குப் பிடித்துவிட்டது. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடுப்பு உயரம் வரை சுண்ணாம்பு புதிதாக இருந்தது, அதற்கு மேல் பழைய மஞ்சள் நிறம். சுவர் அலமாரியின் கதவைத் திறந்து அதன் உட்பக்கத்தில் விரலால் தடவினார். அதே இடுப்பு உயரத்தில் செம்மண் கோடு காய்ந்து ஒட்டியிருந்தது. "தண்ணி இதுவரை ஏறியிருக்கு மக்களே" என்றார். 2021 நவம்பர் வெள்ளத்தில் ஒழுகினசேரி, சுசீந்திரம் பக்கமும் மேற்கே குழித்துறை ஆற்றங்கரையிலும் தண்ணீர் புகுந்ததை மறந்துவிட்டு வீடு எடுக்கக் கூடாது என்பதை அந்த விரல் எனக்குக் கற்றுத் தந்தது. உரிமையாளரிடம் மட்டும் கேட்காமல், எதிர் வீட்டுக்காரரிடமும் கேளுங்கள்.

ஓட்டு வீடு என்றால் அண்ணாந்து பார்த்து, கூரையின் கைமரங்களில் கறையான் மண் ஓடியிருக்கிறதா, அவற்றின் மேல் ஓட்டைத் தாங்கும் பட்டியல் சட்டங்களின் முனை இற்றிருக்கிறதா என்று கவனியுங்கள். உடைந்த ஓடு மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் ஏற ஆள் கிடைப்பது இப்போது கஷ்டம். அந்தச் செலவு உரிமையாளருடையது என்று எழுதிக்கொள்ளுங்கள். கழிப்பறை வீட்டுக்குள்ளா, முற்றம் தாண்டியா? இரவில் இரண்டு மூன்று முறை எழுந்து போகிறவருக்கு மழையில் நனைந்தபடி போக நேர்ந்தால் அந்த வீடு இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம். படிகளில் பிடிமானம் இருக்கிறதா, தரை வழுவழுப்பான டைல்ஸா என்பதையும் பாருங்கள்.

மின்கட்டணம், தண்ணீர் பற்றி முன்பே பேச வேண்டுமா?

கட்டாயம். தமிழ்நாட்டில் ஒவ்வொரு வீட்டு மின் இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு விளக்கு, ஒரு மின்விசிறி, ஒரு மிக்சி என்று வாழும் வயதானவர்களுக்கு அதற்குள்ளேயே முடிந்துவிடும். ஆனால் ஒரே காம்பவுண்டில் மூன்று நான்கு வீடுகளுக்குச் சேர்த்து ஒரே இணைப்பு இருந்தால், அந்த நூறு யூனிட்டின் பலன் உங்களுக்கு வராது. கூட்டிச் சேர்ந்த பெரிய கணக்கின் மேல்விகிதத்தில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பார்கள். தனி இணைப்பு உள்ள வீட்டுக்கு இருநூறு ரூபாய் வாடகை கூடுதலாகக் கொடுத்தாலும் பெரும்பாலும் நஷ்டம் இல்லை.

தண்ணீருக்குக் கிணறா, குழாயா? கிணறு என்றால் மோட்டார் உண்டா, அதன் மின்கட்டணம் யார் கணக்கில்? கயிறு இழுத்துத்தான் இறைக்க வேண்டும் என்றால் மேற்குப் பகுதியின் ஆழக் கிணறுகள் உங்களுக்கு ஒத்துவராது. கடற்கரை ஊர்களில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பாருங்கள். உப்பாக இருந்தால் குடிநீருக்குக் கேன் வாங்கும் செலவையும் மாதக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

நான் கணவரை இழந்தவள், தனியாக இருக்கிறேன். வீடு தர யோசிக்கிறார்களே?

யோசிக்கிறார்கள் என்பது உண்மை, அது வேதனையான உண்மை. தனியாக இருக்கும் பெண், வேறு சாதி, வேறு மதம், மீன் சமைப்பவர், நோயாளி என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். படிப்பறிவில் தமிழ்நாட்டிலேயே முன்னால் நிற்கும் மாவட்டத்தில் இது நடப்பது எனக்குக் கோபத்தைத் தருகிறது.

நடைமுறையில் உதவுவது அறிந்தவர் வழியாகப் போவது. தரகர் வழியாகப் போனால் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கேட்பார், உங்களைப் பற்றி நல்ல வார்த்தையும் சொல்ல மாட்டார். மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவி, அங்கன்வாடிப் பணியாளர், ரேஷன் கடைக்காரர், பால் கொண்டுவருபவர், உங்கள் கோயில் நிர்வாகி, சபைப் போதகர் அல்லது பங்குத்தந்தை, பள்ளிவாசல் ஜமாஅத் பெரியவர் ஆகியோரிடம் சொல்லி வையுங்கள். எந்தத் தெருவில் எந்த வீடு அடுத்த மாதம் காலியாகும் என்பது பலகை மாட்டும் முன்பே அவர்களுக்குத் தெரியும். இதே நிலையில் இருக்கும் இன்னொரு பெண்ணோடு சேர்ந்து இரண்டு அறை வீடு எடுப்பதையும் யோசியுங்கள். சமையலறையைப் பங்கிடுவதில் சிணுங்கல்கள் வரும். ஆனாலும் வாடகை பாதியாகும், இரவில் துணையும் இருக்கும். ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் இருக்கட்டும்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகள் பூட்டிக் கிடக்கின்றனவே, அங்கே குடியிருக்க முடியுமா?

முடியும், நம் மாவட்டத்தில் இது நல்ல வழி. வளைகுடாவிலும் வெளிநாடுகளிலும் இருப்பவர்கள் கட்டிய வீடுகள் ஆண்டில் பதினோரு மாதம் பூட்டியே கிடக்கின்றன. ஆள் இல்லாத வீட்டில் கறையான் ஏறும், தேங்காய் திருட்டுப் போகும். நம்பிக்கையான வயதான தம்பதி ஒருவர் பின்கட்டிலோ ஒரு பகுதியிலோ இருந்து பார்த்துக்கொண்டால் போதும் என்று குறைந்த வாடகைக்கு விடுகிறவர்கள் உண்டு.

இங்கேயும் எழுத்து வேண்டும். நீங்கள் குடியிருப்பவரா, காவலுக்கு இருப்பவரா? தோட்ட வேலையும் சேர்த்தா? உரிமையாளர் விடுமுறையில் வரும்போது நீங்கள் எங்கே இருப்பீர்கள்? மோட்டார் கெட்டால் யார் பணம்? இவற்றை வாட்ஸ்அப் செய்தியாகவாவது அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய உறவினர் ஒருவர் இங்கே சாவி கொடுத்தார் என்பது மட்டும் போதாது. நாளைக்கு அந்த உறவினருக்கும் உரிமையாளருக்கும் மனக்கசப்பு வந்தால் நடுத்தெருவில் நிற்பது நீங்கள்.

அரசு வீடு கிடைக்குமா?

கிடைக்கலாம், ஆனால் அதை நம்பி இப்போது இருக்கும் வீட்டை விட வேண்டாம். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். அது ஊரகப் பகுதியில் குடிசையில் வாழ்கிறவர்களுக்கான திட்டம், கட்டுவதற்கு இடமும் பட்டாவும் இருக்க வேண்டும். நம் மாவட்டத்தில் பேரூராட்சிகள் மிக அதிகம். பார்வைக்குக் கிராமமாக இருக்கும் ஊரே பேரூராட்சியாக இருக்கும், அப்போது ஊரகத் திட்டங்கள் உங்களுக்குப் பொருந்தாது. முதலில் உங்கள் ஊர் எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு மனு எழுதுங்கள்.

நகர்ப்பகுதிகளில் ஏழைகளுக்கான அடுக்குமாடி வீடுகளை நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒதுக்குகிறது. சொந்த வீடு எங்கும் இருக்கக் கூடாது, பயனாளியின் பங்குத் தொகையும் கட்ட வேண்டும். தரைத்தளம் கேட்டு, மாற்றுத்திறனாளி அல்லது மருத்துவச் சான்றோடு மனு கொடுங்கள். மூன்றாம் மாடியில் கிடைத்த வீட்டில் ஏற முடியாமல் பூட்டிப் போட்டவர்களை அறிவேன். "ஆபீசில் ஆள் இருக்கிறது, ஐம்பதாயிரம் கொடு" என்று யார் வந்தாலும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் நாளில் நேரடியாக மனு கொடுத்து, எண் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கி வையுங்கள்.

வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அவன் வெளியே போகச் சொல்கிறான். வாடகை வீடு பார்த்துத் தருவீர்களா ஐயா?

வாடகை வீட்டுக்கு முன்னால், ஐயா, அம்மா, அந்த வீட்டிலேயே இருக்க வழி உண்டா என்று பார்ப்போம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இல் வந்தது. அதன் 23ஆம் பிரிவுப்படி, பராமரிப்பார் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அவர் பராமரிக்காவிட்டால் ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியரே தீர்ப்பாயத்தின் தலைவர். நாகர்கோவில், பத்மநாபபுரம் என இரண்டு கோட்டங்கள், உங்கள் வட்டம் எதில் இருக்கிறதோ அங்கே மனு கொடுக்கலாம். வக்கீல் தேவை இல்லை. மாதப் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம்.

இன்னும் எழுதிக் கொடுக்காதவர்கள் தயவுசெய்து கேளுங்கள். இஷ்டதானம் (தானப் பத்திரம்) எழுதுவதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும், ஆயுள் முழுவதும் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமை உங்களுக்கு உண்டு என்பதையும் பத்திரத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளை நல்லவனாக இருக்கலாம். எழுதி வைப்பதால் அவனுக்கு எந்தக் குறைவும் இல்லை.

வீடு மாறினால் எதையெல்லாம் மாற்ற வேண்டும்?

ரேஷன் அட்டை முதலில். ஆதாரில் முகவரியை மாற்றிவிட்டால் மற்றவை எளிதாகும். அதற்கும் வாடகை ஒப்பந்தம் பயன்படும், அதுவும் எழுத்தில் வாங்குவதற்கு ஒரு காரணம். முதியோர் உதவித்தொகையோ விதவை உதவித்தொகையோ பெறுகிறவர்கள், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் புதிய முகவரியைத் தெரிவியுங்கள். விசாரணைக்கு வந்து ஆளைக் காணவில்லை என்று எழுதிவிட்டால் தொகை நின்றுவிடும், மீண்டும் வாங்குவதற்கு அலைய வேண்டியிருக்கும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே மாத்திரை வாங்குகிறவர்கள், புதிய பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைச் சேர்த்துவிட்டுப் பிறகு மாறுங்கள்.

உரிமையாளர் திடீரென்று காலி செய்யச் சொல்கிறார், தண்ணீரை நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்த அவருக்கு உரிமை இல்லை, வாடகைச் சட்டம் அதைத் தடுக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கி போன்ற சட்டம் சொல்லும் காரணங்கள் இருந்தால்கூட, அவர் வாடகை நீதிமன்றத்தின் வழியாகத்தான் காலி செய்யச் சொல்ல வேண்டும். நீங்கள் செய்யக் கூடாத ஒன்று, கோபத்தில் வாடகையை நிறுத்துவது. அவர் வாங்க மறுத்தாலும் வங்கி வழியாக அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தருவார்கள், மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசி எண் 15100. முதியோருக்கென்று தனியாக 14567 என்ற உதவி எண்ணும் இருக்கிறது. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை எடுப்பார்கள், தமிழில் பேசலாம். பதிவு பெற்ற முதியோர் இல்லம் எங்கே இருக்கிறது என்பதையும் அங்கேயே கேட்கலாம். பேசும்போது ஒப்பந்தம், கடைசியாக வாடகை கொடுத்த ரசீது, ரேஷன் அட்டை மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். முதல் கேள்வியே அவற்றைப் பற்றித்தான் இருக்கும்.